நீளமான முடி, நோகும் தலை: இழுக்காமல் கட்டிக்கொள்வது எப்படி?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாள் முழுக்க கட்டியிருந்த முடியை அவிழ்க்கிறீர்கள். அவிழ்த்ததும் நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் உச்சிக்குப் பின்னால் ஓர் இடத்தில் விரல் பட்டாலே சுரீர் என்கிறது. அந்த இடத்து முடியை எதிர்ப்பக்கமாகக் கோதினால் ஒவ்வொரு வேரும் தனித்தனியாக வலிக்கிறது. தலையணையில் எந்தப் பக்கம் படுப்பது என்றே தெரியவில்லை. இது உங்களுக்கும் நடக்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எனக்கு இடுப்பைத் தாண்டிய முடி, தொட்டால் நோகும் தலை. "வெட்டிவிடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதவர்கள் குறைவு. வெட்டிக்கொள்வதும் நல்ல வழிதான். விரும்புகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. எனக்கு என் முடி பிடிக்கும், அதனால் வேறு வழி தேடினேன். பல வருடங்கள் "வலிக்காத ஸ்டைல் எது?" என்று தேடியதுதான் நான் செய்த தவறு. ஒரே இடத்தில் எடையைத் தொங்கவிட்டால் எந்த ஸ்டைலும் சில மணி நேரத்தில் வலிக்கும். எடையைப் பரப்பி, தாங்கும் இடத்தை அவ்வப்போது மாற்றினால் சாதாரணப் பின்னலே போதும். கீழே உள்ள எல்லா முறைகளையும் இந்தக் கண்ணோடுதான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

முதலில்: வலி எதனால் என்று பிரித்துப் பாருங்கள்

முடிக்கு உணர்ச்சி கிடையாது. ஆனால் ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி நரம்பு நுனிகள் இருக்கின்றன. முடி லேசாகச் சாய்ந்தால்கூட அவை உணர்ந்துவிடும். கொசு முடிமேல் உட்கார்ந்தாலே தெரிவது அதனால்தான். ஒரு தலையில் சராசரியாக 1 லட்சம் முடிகள் இருக்கும். அத்தனையையும் ஒரே திசையில் பல மணி நேரம் சாய்த்து வைத்துவிட்டு, திடீரென்று எதிர்த்திசையில் திருப்பினால் நோகாமல் என்ன செய்யும்?

எடையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 90 சென்டிமீட்டர் நீளம், 0.07 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு முடி ஏறக்குறைய 4.5 மில்லிகிராம் இருக்கும். எல்லா முடியும் நுனிவரை எட்டுவதில்லை. 50,000 முடிகள் எட்டுகின்றன என்று வைத்துக்கொண்டாலும் 200 கிராமைத் தாண்டிவிடும். அது ஒரு கைப்பேசியின் எடை. குளித்த ஈரத்தோடு இருந்தால் இன்னும் கூடும். கைப்பேசியை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி உச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதாக நினைத்துப் பாருங்கள்.

இது மனப்பிரமை இல்லை. சர்வதேசத் தலைவலிச் சங்கம் வகைப்படுத்தியிருக்கும் தலைவலிகளில், வெளியிலிருந்து இழுக்கப்படுவதால் வரும் தலைவலி என்று ஒன்று தனியாகவே இருக்கிறது. இழுப்பை எடுத்துவிட்டால் 1 மணி நேரத்துக்குள் தலைவலி அடங்கும் என்பது அதன் அடையாளம்.

சரி, உங்கள் வலி எந்த வகை? அடுத்த முறை தலை நோகும்போது, அவிழ்ப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். பின்னலையோ குதிரைவாலையோ கீழிருந்து உள்ளங்கையில் ஏந்தி, கொஞ்சம் மேலே தூக்குங்கள். அப்படியே பத்து எண்ணுங்கள்.

தூக்கியதும் தலை லேசானால், காரணம் எடை. தொங்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

தூக்கியும் மாறவில்லை, ஆனால் புருவத்தை உயர்த்தினால் நெற்றியோரம் இழுக்கிறது, குனிந்தால் பிடரி இழுக்கிறது என்றால், காரணம் இறுக்கம். ஸ்டைலை மாற்ற வேண்டியதில்லை, கட்டும் விதத்தை மாற்றினால் போதும்.

இரண்டும் இல்லை, ஒரு கிளிப்போ பின்னோ இருக்கும் இடத்தில் மட்டும் குத்துகிறது என்றால் அந்தப் பொருளைச் சந்தேகப்படுங்கள். முடியை அவிழ்த்து விட்டிருக்கும் நாளிலும் எரிகிறது, அரிக்கிறது, செதில் உதிர்கிறது என்றால் அது தோலின் பிரச்சினை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்கு முதலிரண்டும் கலந்து இருந்தன. நான் பல வருடம் இறுக்கத்தை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தேன். இறுக்கம் குறைந்ததும் கட்டு நழுவும், நழுவினால் எடை முழுவதும் கீழே சில முடிகளின்மேல் விழும், வலி இன்னும் அதிகமாகும். தளர்வாகக் கட்டியும் வலிக்கிறதே என்று குழம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிக்கெடுப்பதில்தான் பாதி வலி

காலையில் சிக்கெடுக்கும்போதே தலையை நோகடித்துவிட்டால், அதன்பிறகு எவ்வளவு மென்மையாகக் கட்டினாலும் அந்த நாள் வீண்தான். ஆகவே இங்கே கொஞ்சம் நிதானம் தேவை.

அகலப் பல் சீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லின் முனைகள் உருண்டையாக இருக்க வேண்டும். வாங்கும்போது உள்ளங்கையில் ஒருமுறை அழுத்தி இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் சீப்பு என்றால், அச்சில் வார்த்தபோது நின்றுபோன மெல்லிய விளிம்பு பல்லின் நடுவே கீறும். அந்த விளிம்புதான் தலைத்தோலையும் கீறும், முடியையும் அறுக்கும்.

முடியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தோளுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். நுனியிலிருந்து ஒரு சாண் மேலே, இடது கையால் முடியைக் கொத்தாக இறுகப் பிடியுங்கள். சீப்பு அந்தப் பிடிக்குக் கீழே மட்டும் போக வேண்டும். இழுப்பு முழுவதும் உங்கள் கையோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது. கீழே சிக்கு போனதும் பிடியை ஒரு சாண் மேலே நகர்த்துங்கள். இப்படியே காது மட்டம் வரை ஏறுங்கள். தலையையொட்டிய கடைசிப் பகுதிக்கு வரும்போது கீழே சிக்கே இருக்காது. சீப்பு தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும்.

நடுவில் முடிச்சு ஒன்று தட்டுப்பட்டால் சீப்பைக் கீழே வையுங்கள். முடிச்சை நீளவாக்கில் இழுத்தால் இறுகும், பக்கவாட்டில் விரித்தால் நெகிழும். இரண்டு கை விரல்களாலும் பஞ்சைப் பிய்ப்பதுபோல் அதை இரண்டு பக்கமும் மெல்ல அகலப்படுத்துங்கள். ஒவ்வோர் இழையாகக் கழன்று வரும். கழலாவிட்டால் ஒரு சொட்டு கண்டிஷனரோ எண்ணெயோ தடவிவிட்டு மறுபடி விரியுங்கள். பெரும்பாலான முடிச்சுக்குள் ஏற்கெனவே உதிர்ந்துவிட்ட முடிகள்தான் சிக்கியிருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. பின்னியே வைத்திருக்கும் முடியில் உதிர்ந்தவை வெளியே விழ வழியில்லாமல் தங்கிவிடும். இரண்டு நாள் கழித்து அவிழ்த்ததும் கொத்தாக வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஈரமான முடி வறண்ட முடியைவிட அதிகமாக நீளும், சீக்கிரம் அறுந்தும் போகும். நேரான முடி உள்ளவர்கள் முக்கால்வாசி காய்ந்த பிறகு சீவலாம். சுருள்முடி உள்ளவர்களுக்கு நேர்மாறு: கண்டிஷனர் தடவிய ஈர முடியிலேயே சிக்கெடுத்துவிட வேண்டும், காயவிட்டுச் சீவினால் வலியும் கூடும், முடியும் உடையும்.

கட்டுவதற்கு எதை எடுப்பது

மெல்லிய ரப்பர் பேண்டை முதலில் ஒதுக்குங்கள். அது முடியைக் கவ்விக்கொள்ளும், கழற்றும்போது நாலு முடியைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும். இரண்டு முனையையும் உலோகத்தால் இணைத்திருக்கும் ஹேர் பேண்டும் அப்படித்தான்.

துணி சுற்றிய ஸ்கிரஞ்சி நல்லது. சாட்டின் அல்லது பட்டுத் துணி என்றால் இன்னும் நல்லது, உராய்வு குறைவு. ஆனால் ஒன்று: ஸ்கிரஞ்சியின் உள்ளே இருக்கும் எலாஸ்டிக் புதிதில் இறுக்கமாக இருக்கும். பாட்டில் ஒன்றின்மேல் மாட்டி இரவு முழுக்க வைத்துவிட்டால் நெகிழ்ந்துவிடும். எலாஸ்டிக்கே வேண்டாம் என்றால், அரை மீட்டர் நீள மெல்லிய பருத்தி நாடா போதும். பின்னல் நுனியில் இரண்டு சுற்றுச் சுற்றி, உருவு முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். நான் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் இதுதான்.

கிளா கிளிப் வாங்கும்போது பற்களின் நீளத்தைப் பாருங்கள். பல் நீளமாகவும் உள்ளே குழிந்தும் இருந்தால் முடியை அணைத்துப் பிடிக்கும். பல் குட்டையாக, நேராக இருந்தால் தலைத்தோலைத்தான் கடிக்கும். கொண்டை ஊசி (கொண்டையில் செருகும் நீளக் குச்சியைத்தான் சொல்கிறேன்) மரமாக இருந்தால், முனையை உதட்டில் வைத்துப் பாருங்கள். உதட்டுக்கு உறுத்தாதது தலைக்கும் உறுத்தாது. கூர்மையாக இருந்தால் மென்மையான உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கருப்பு பின்னுக்கும் இதே சோதனைதான். அதன் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் சொட்டு உதிர்ந்துவிட்டால் உடனே தூக்கிப் போடுங்கள். உலோகக் கிளிப் படும் இடத்தில் மட்டும் சிவந்து அரித்தால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மரம், பிளாஸ்டிக், டைட்டானியம் என்று மாறிப் பாருங்கள்.

தினசரிக்கு முதல் இடம்: பிடரியில் தொடங்கும் தளர்பின்னல்

மூன்றுகால் பின்னலைத்தான் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகாதீர்கள். வலிக்கும் பின்னலுக்கும் வலிக்காத பின்னலுக்கும் வித்தியாசம் முதல் மூன்று மடிப்பில்தான் இருக்கிறது.

1. வகிடு எடுங்கள், அல்லது எடுக்காமல் விரலால் பின்னுக்குக் கோதிவிடுங்கள். நேற்று நடுவகிடு என்றால் இன்று ஒரு விரல்கடை தள்ளி எடுங்கள். ஒரே வகிட்டில் மாதக்கணக்கில் வாரினால் அந்தக் கோட்டின் இரண்டு ஓரமும் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

2. முடியைப் பிடரிக்குக் கீழே, சட்டைக் காலர் உட்காரும் இடத்தில் திரட்டுங்கள். தலையைச் சற்றே குனிந்துகொண்டு திரட்ட வேண்டும், தாடை நெஞ்சைப் பார்த்தபடி. குனிந்தால் பிடரித் தோல் நீளும். அந்த நிலையில் கட்டிவிட்டு நிமிர்ந்தால் கொஞ்சம் நெகிழ்வு தானாகக் கிடைக்கும். நிமிர்ந்தபடி இறுக்கிப் பின்னினால், பிறகு எழுத, சமைக்க, கைப்பேசி பார்க்க என்று குனியும்போதெல்லாம் பிடரி முடி இழுபடும். இந்த ஒன்றை மாற்றியதுமே என் பிடரி வலி பாதி குறைந்தது.

3. மூன்று காலாகப் பிரித்து, முதல் மூன்று மடிப்பை இறுக்காமல் போடுங்கள். மடிப்புக்கும் பிடரிக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

4. நாலாவது மடிப்பிலிருந்து வழக்கமான இறுக்கம். அங்கே இழுத்தாலும் தலைக்கு எட்டாது. பின்னல் கலையாமல் இருப்பதும் இந்தப் பகுதியால்தான்.

5. தோளுக்குக் கீழே வந்ததும் பின்னலை முன்பக்கம் கொண்டுவந்து மீதியைப் பின்னுங்கள். கைக்கும் சுலபம், கழுத்தை முறுக்கவும் வேண்டாம். நுனியில் நாலு விரல்கடை விட்டுக் கட்டுங்கள்.

6. கடைசியாக, இரண்டு காதுக்கும் மேலே, உச்சியில், பிடரியில் என்று விரல் நுனிகளை முடிக்குள் விட்டு, தோலோடு சேர்த்து லேசாகத் தூக்கிவிடுங்கள். எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கே இரண்டு மில்லிமீட்டர் முடியை வெளியே விடுங்கள். பிறகு புருவத்தை உயர்த்தி, குனிந்து, இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். எங்காவது ஒரே ஒரு முடி சுருக்கென்று இழுத்தால்கூட இப்போதே விடுவித்துவிடுங்கள். காலையில் சுருக்கென்றது மதியத்துக்குள் தலைவலியாகிவிடும்.

பின்னலை முதுகில் போடுவதா, முன்னால் போடுவதா? முன்னால் என்றால் எடையில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: நீளப் பின்னல் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் முன்னால் சாய்ந்தால் தலை வெடுக்கென்று பின்னால் இழுக்கும். தோள்பையின் பட்டைக்கு அடியில் மாட்டினாலும் இதே கதைதான். உட்காருமுன் பின்னலை எடுத்து முன்னால் போடுவதைக் கைக்குப் பழக்கிவிடுங்கள். பகல் பாதியில் ஒரு தோளிலிருந்து அடுத்த தோளுக்கு மாற்றுங்கள்.

எடையைப் பாதியாக்கும் இரட்டைப் பின்னல்

ஏந்திப் பார்த்ததில் எடைதான் காரணம் என்று தெரிந்தவர்கள் முதலில் இதைப் பழகுங்கள். ஒரே புள்ளியில் தொங்கிய 200 கிராம், இரண்டு புள்ளியில் நூறு நூறாகிவிடும். காதுக்குப் பின்னால், கீழே தொடங்குங்கள். காதுக்கு மேலே தொடங்கினால் நெற்றிப்பொட்டின் முடி மேல்நோக்கி இழுபடும்.

பின்தலையில் வகிட்டை நேர்கோடாக எடுக்க வேண்டியதில்லை. கோணல்மாணலாக விரலால் பிரித்தால், வகிட்டோர முடிகள் எல்லாம் ஒரே வரிசையில் இழுபடாது.

இரண்டு பின்னலும் வேண்டாம், ஆனால் எடையும் குறைய வேண்டும் என்றால் இன்னொன்று செய்யலாம்: இரண்டையும் பின்தலையில் குறுக்காக ஒன்றின்மேல் ஒன்று கொண்டுபோய், நுனியை எதிர்ப்பக்கப் பின்னலுக்கு அடியில் செருகி, இரண்டு யு பின் குத்திவிடுங்கள். தொங்குவதற்கு ஒன்றும் இருக்காது. பின்னைத் தோலுக்குச் செங்குத்தாகக் குத்தாமல், முதலில் பின்னலில் கோத்து, பிறகு தோலையொட்டிப் படுக்கவைத்து உள்ளே தள்ள வேண்டும். ஓடி ஆடி வேலை செய்யும் நாளுக்கு இதைவிட வசதியானதை நான் பார்க்கவில்லை.

ரப்பர் பேண்ட் இல்லாத கொண்டை

கொண்டை என்றாலே வலி என்று நினைத்திருந்தேன். காரணம், முதலில் குதிரைவால் கட்டி, அதைச் சுற்றி, அதன்மேல் இன்னொரு பேண்ட் போடுவதுதான் எனக்குத் தெரிந்த கொண்டை. ஒரு விசேஷத்துக்காக அழகு நிலையம் ஒன்றில் அப்படித்தான் கட்டிவிட்டார்கள். முப்பது பின் இருக்கும். வலிக்கிறது என்று சொன்னேன், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. இரண்டு நாள் தலையில் சீப்பு வைக்க முடியவில்லை. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால், கட்டி முடிக்குமுன்னரே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்; வலிக்கும் கட்டு ஒருபோதும் பழகாது.

ஒற்றை ஊசிக் கொண்டை வேறு ஜாதி. இங்கே முடியை நெரிக்கும் வளையமே இல்லை. கொண்டை மண்டையோடு ஒட்டி உட்காருவதால் எடை தொங்குவதும் இல்லை. ஊசியின் நீளம் முழுக்க பல நூறு முடிகள் சேர்ந்து அதைத் தாங்கும்.

முடியைப் பின்தலையின் நடுவில் கையால் திரட்டுங்கள். வலது பக்கமாக முறுக்கிக்கொண்டே போங்கள். முறுக்கு ஏறியதும் முடி தானாகவே சுருளப் பார்க்கும். அது சுருளும் திசையிலேயே அடியைச் சுற்றி வட்டமாகப் படியவிடுங்கள். இறுக்கிச் சுற்றாதீர்கள். நுனியைக் கடைசி வட்டத்துக்கு அடியில் ஒளித்துவிடுங்கள். ஒரு கை கொண்டையை அழுத்திப் பிடித்திருக்கட்டும்.

இப்போது ஊசி. முனை கொண்டையின் நடுவைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். கொண்டையின் வெளிவட்டத்தில் கொஞ்சம் முடியைக் கோத்து, முனை தலைத்தோலை மெல்லத் தொடும்வரை விடுங்கள். அங்கே தோலையொட்டிய முடியில் மிகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஊசியின் மறுமுனையை அப்படியே புரட்டி வெளிப்பக்கம் கொண்டுவந்து, கொண்டைக்கு அடியில், தோலை உரசாமல் எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் முனை வெளியே வரும்போது கொண்டை ஒரு நொடி இறுகி, பிறகு அமைதியாக உட்காரும். அந்த உணர்வு கைக்குப் பழக நாலைந்து நாள் ஆகும். உட்கார்ந்த பிறகு எங்காவது குத்துகிறது, ஒரு கொத்து முடி மட்டும் இழுக்கிறது என்றால், தோலோரத்தில் அதிகமாகக் கோத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஊசியை உருவி மறுபடி செருகுங்கள், பத்து வினாடி வேலைதான்.

இரட்டைப் பல் உள்ள ஊசி இன்னும் உறுதியாக நிற்கும். அடர்த்தியான முடிக்கு அதைத்தான் சொல்வேன். முதலில் பின்னலாகப் பின்னி, பிறகு சுருட்டிக் கொண்டை போட்டால் வழுக்கும் முடியும் நிற்கும்.

இடம் முக்கியம். காலையில் நடுவில் போட்டால் மதியம் அவிழ்த்துப் பிடரியில் போடுங்கள். உச்சிக்கொண்டையை நான் வீட்டில் முகம் கழுவும்போது ஐந்து நிமிடம் போடுவதோடு சரி.

ஊசியும் இல்லாத நேரத்துக்குக் கோடாலி முடிச்சு இருக்கிறது: முடியை அள்ளி, கையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை அந்தச் சுற்றுக்குள் நுழைத்து இழுத்துவிடுவது. முடி தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் நழுவிவிடும்தான். ஆனால் அந்த அரை மணி நேரமும் தலைக்கு ஒரு சுமையும் இருக்காது.

கிளா கிளிப், குதிரைவால்

அவசரத்துக்குக் கிளா கிளிப் நல்லது. முடியை முறுக்கி, மேல்நோக்கி மடித்து, கிளிப்பைப் போடுவதோடு முடிந்தது. நீள முடிக்கு மடிப்பு தடித்துவிடும். சின்ன கிளிப் போட்டால் வாய் மூடாமல் பற்கள் தோலில் அழுந்தும். கையளவு பெரிய கிளிப் வேண்டும். கார் இருக்கையில் தலை சாய்க்கும் நேரத்தில் கழற்றிவிடுங்கள். விபத்தில் பின்தலை மோதினால் அது காயப்படுத்தும்.

உயரக் குதிரைவாலை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. முழு எடையும் ஒரு வளையத்தில் தொங்குகிறது, நடக்கும்போது ஆடி ஆடி ஒவ்வோர் அடிக்கும் இழுக்கிறது. உடற்பயிற்சிக்குக் குதிரைவால்தான் வேண்டும் என்றால் இப்படிக் கட்டுங்கள்: பிடரியில் தளர்வாக ஒரு பேண்ட், அதற்கு ஒரு சாண் கீழே இன்னொன்று, இன்னும் ஒரு சாண் கீழே மூன்றாவது. வால் ஆடாது, சிக்கும் விழாது. முடிந்ததும் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

ஹெல்மெட் போடுகிறவர்களுக்குக் கொண்டையும் கிளிப்பும் கூடவே கூடாது. ஹெல்மெட் சரியாக உட்காராது, பாதுகாப்பும் போய்விடும். பிடரியில் தொடங்கும் தளர்பின்னல் போட்டு, நுனியைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள்.

ராத்திரிக்கு

விரித்துப் போட்டுத் தூங்கினால் புரளும்போது முடி தோளுக்கு அடியில் மாட்டி இழுக்கும். இறுக்கிக் கட்டித் தூங்கினால் எட்டு மணி நேரம் வேர் ஓயாது. எனக்குச் சரிவந்தது, கழுத்துக்கு ஒரு சாண் கீழே தொடங்கும் மிகத் தளர்ந்த பின்னல். படுத்ததும் அதைத் தலையணைக்கு மேற்புறமாகத் தூக்கிப் போட்டுவிடுவேன். சாட்டின் உறை இருந்தால் உராய்வும் குறையும், காலையில் சிக்கும் குறையும்.

ஈரத் தலையோடு கட்டிப் படுக்காதீர்கள். எடை ஒரு பக்கம். மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும் தோல் எளிதில் அரிக்க ஆரம்பிக்கும்.

அவிழ்த்த பிறகும் வலித்தால்

உடனே சீப்பை எடுக்காதீர்கள். முடி எந்தத் திசையில் சாய்ந்திருந்ததோ அப்படியே பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு நோகும் இடத்தில் விரல் பூவை மட்டும் வைத்து, முடிமேல் தேய்க்காமல், தோலையே மண்டையோட்டின்மேல் மெல்ல நகர்த்துங்கள், சின்னச் சின்ன வட்டமாக. நகம் படக்கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் வைத்தால் எரிச்சல் அடங்கும். மறுநாள் அந்த இடத்தில் எந்தக் கட்டும் விழக்கூடாது. உச்சியில் நொந்திருந்தால் அடுத்த இரண்டு நாளும் பிடரிப் பின்னல்தான்.

தோல் ஏற்கெனவே எரியும் காலத்தில் வாசனை அதிகமுள்ள ஷாம்பூ, ஸ்பிரே எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். பொடுகும் அரிப்பும் இருக்கும்போது எண்ணெயைத் தோலில் ஊறவைத்தால் சிலருக்கு அது அதிகமாகும்; முடியின் நடுவிலிருந்து நுனிவரை மட்டும் தடவினால் போதும். முடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் ஒவ்வாமைக்குப் பெயர்போனது. பல வருடம் ஒத்துக்கொண்டவர்களுக்கும் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒவ்வொரு முறையும் சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சொட்டு வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் முடி மெலிந்து, ஓரத்தில் மட்டும் பூனைமுடிபோல் சின்ன முடிகள் நிற்கின்றனவா? வேர்களைச் சுற்றிச் சின்னக் கொப்புளங்களா? இழுப்பினால் வரும் முடியுதிர்வாக இருக்கலாம். டிராக்‌ஷன் அலோபீசியா என்பார்கள். இறுக்கிக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களிடம் இது இருப்பதை 1907-லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே இழுப்பை நிறுத்திவிட்டால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு வளராது. ஆகவே "பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

தடித்த செதில்கள், பிளவு, நீர்க்கசிவு இருந்தால் சொரியாசிஸோ வேறு தோல் அழற்சியோ இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. தலைவலி வரும் நாளில் மட்டும் சீப்புப் பட்டாலே தாங்க முடியவில்லை என்றால் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம்; மைக்ரேன் உள்ள பலருக்கு அந்த நேரத்தில் சாதாரணத் தொடுகையே வலியாகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் எரிந்து, பிறகு அங்கே கொப்புளங்கள் வந்தால் அக்கியாக இருக்கலாம். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகத் தலைத்தோல் நோக ஆரம்பித்து, நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என்று ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே போங்கள். அது இரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் பார்வையே பறிபோகும் ஆபத்து உண்டு. காலத்தோடு மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம்.

போகும்போது முடியைத் தளர விட்டுக்கொண்டு, எண்ணெய் தடவாமல் போங்கள். நெற்றியோரம் தெரியும்படி ஒரு வருடத்துக்கு முன் எடுத்த புகைப்படம் கைப்பேசியில் இருந்தால் எடுத்து வையுங்கள். தினமும் கட்டும் பேண்டையும் கிளிப்பையும் கையோடு கொண்டுபோய், எங்கே, எப்படி, எத்தனை மணி நேரம் கட்டுகிறீர்கள் என்று அங்கேயே கட்டிக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அதைப் பார்த்தால் அவருக்குச் சீக்கிரம் புரிந்துவிடும்.